கோச்சும் ஏஜெண்டும் கைகோத்தால்: டெல்டா கால்பந்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் பக்கமெல்லாம் கால்பந்து தொடங்கிவிடும். அரிதாளை மிதித்து மட்டமாக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மின்னொளியில் எழுவர் போட்டி நடக்கும். நான் பதினெட்டு வருடமாக இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் பெற்றோர்கள் "ஷூ எங்கே மலிவாகக் கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கேட்பதெல்லாம் ஏஜெண்டைப் பற்றி. பையனைச் சென்னைக்கோ கொச்சிக்கோ கொல்கத்தாவுக்கோ கூட்டிப்போகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

டிரான்ஸ்பர் என்றால் ஆளை விற்பதா?

ஆளை யாரும் விற்க முடியாது. ஆட்டக்காரர் ஒரு கிளப்போடு சில வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டிருப்பார். அது முடிவதற்குள் வேறு கிளப் அவரைக் கேட்டால், ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பதற்காகப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் தொகைதான் டிரான்ஸ்பர் பணம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அந்தப் பணம் கேட்கக் கூடாது என்று 1995 டிசம்பரில் போஸ்மான் என்ற பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஆட்டக்காரர் கை ஓங்கியது, கூடவே அவருக்காகப் பேசும் ஏஜெண்டின் கையும்.

அப்படியானால் ஏஜெண்ட் வேலையே தப்பா, சார்?

தப்பே இல்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒரு கிளப் முதலாளியின் எதிரில் உட்கார்ந்து சம்பளம் பேச முடியுமா? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, சம்பளம் தாமதமானால் என்ன செய்வது, இதையெல்லாம் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும். நல்ல ஏஜெண்ட் அதைச் செய்கிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். அப்படிப்பட்ட இரண்டு பேரை எனக்கே தெரியும். அவர்கள் சொன்ன கமிஷன் ஒப்பந்தத் தாளிலேயே இருந்தது, பையனின் அப்பா அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஊழல் எங்கே வருகிறது?

பழைய மாட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர் யாருக்கும் தொகை தெரியாது. இருந்தாலும் அங்கே விரல் பிடிக்கும் இருவரும் அவரவர் காசுக்காகப் பேசுகிறார்கள், அல்லது தன்னை நம்பி அனுப்பியவருக்காகப் பேசுகிறார்கள்.

கால்பந்தில் நடக்கும் ஊழல் வேறு மாதிரி. கிளப் தன் பணத்தைக் கொடுத்து, "நல்ல ஆளாகப் பார்த்து வாங்கிவா" என்று கோச்சை அனுப்புகிறது. அவர் துண்டுக்குள்ளே கையை விட்டு, "இந்த ஆளையே வாங்குகிறேன், எனக்கு எவ்வளவு?" என்று ஏஜெண்டிடம் விரல் பிடிக்கிறார். விலை ஏறினால் அவருக்கு நஷ்டமில்லை, லாபம். ஏஜெண்டுக்குக் கிளப் கொடுக்கும் கமிஷனில் ஒரு பங்கு, அந்த ஆளைத் தேர்ந்தெடுத்தவர் பைக்குத் திரும்பினால் அது கையூட்டு. இங்கிலாந்தில் இதற்கு 'பங்' என்று பேர். நம் பக்கத்தில் 'கட்டிங்' என்போமே, அதேதான்.

மேனேஜருக்குப் போய் எதற்குக் காசு கொடுக்கிறார்கள்? அவர் ஆபீஸ் வேலை பார்ப்பவர்தானே?

பேர்தான் குழப்புகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்றால் தலைமைக் கோச். பயிற்சி கொடுப்பதும், பதினொருவரைத் தேர்வு செய்வதும், யாரை வாங்குவது, யாரை விற்பது என்று சொல்வதும் நெடுங்காலம் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. இப்போது பல கிளப்புகளில் வாங்குகிற வேலைக்குத் தனி இயக்குநர் இருக்கிறார். அதனால் ஊழல் ஒழிந்துவிடவில்லை, போய்ச் சேர வேண்டிய ஆள்தான் மாறினார்.

இதெல்லாம் பேச்சுதானா, யாராவது மாட்டியிருக்கிறார்களா?

மாட்டியிருக்கிறார்கள். எல்லாரும் முதலில் சொல்வது ஜார்ஜ் கிரஹாம் கதை. அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஆர்சனல் கிளப்புக்கு 1989, 1991 என்று இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், 1994இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கப் வின்னர்ஸ் கோப்பையும் வென்றவர். அவர் காலத்தில் 1991இல் நார்வேயின் பால் லிடர்சன், 1992இல் டென்மார்க்கின் ஜான் யென்சன் ஆகிய இருவரை ஆர்சனல் வாங்கியது. இரண்டுக்கும் இடையில் நின்றவர் ரூனே ஹெளகே என்ற நார்வே ஏஜெண்ட். அவரிடமிருந்து கிரஹாம் கைக்கு இரண்டு தவணையாகச் சுமார் 4,25,000 பவுண்டு வந்தது. கேட்டு வாங்கவில்லை, தானாக வந்த அன்பளிப்பு என்றார் கிரஹாம். பணத்தை வட்டியோடு கிளப்புக்குத் திருப்பியும் கொடுத்தார். ஆனாலும் 1995 பிப்ரவரியில் வேலை போனது. அந்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவரை ஒரு வருடம் தடை செய்தது.

இந்தக் கதையில் என் மனதில் தங்கியது அந்தத் தொகை இல்லை. யென்சனுக்காக ஆர்சனல் கொடுத்த பணத்துக்கும் டென்மார்க்கின் ப்ரன்பி கிளப் கையில் வந்து சேர்ந்த பணத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. வாங்கியவர் கணக்கையும் விற்றவர் கணக்கையும் ஒரே மேசையில் வைத்தால்தான் அந்த ஓட்டை தெரியும். ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

யென்சன் மேல் பழி போடாதீர்கள் என்றும் பையன்களிடம் சொல்வேன். நாடுகளுக்கான 1992 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் டென்மார்க்குக்காக ஜெர்மனிக்கு எதிராக முதல் கோலைப் போட்டவர் அவர். ஆர்சனலில் நாலு வருடத்தில் ஒரே ஒரு கோல்தான், என்றாலும் உழைத்து ஆடினார். தன்னை வைத்து யார் எவ்வளவு சம்பாதித்தார் என்பது பாவம் ஆட்டக்காரருக்குக் கடைசியாகத்தான் தெரியவரும்.

கிரஹாம் தடை முடிந்ததும் 1996இல் லீட்ஸ் கிளப்புக்கு மேனேஜராக வந்துவிட்டார், பிறகு டாட்டன்ஹாமுக்கும். கால்பந்து உலகம் இதை எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. இப்போதும் நடக்கிறதா?

2006இல் லண்டன் காவல்துறையின் முன்னாள் தலைவர் லார்டு ஸ்டீவன்ஸ் தலைமையில், இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக் ஒரு விசாரணை வைத்தது. 2004 ஜனவரியிலிருந்து 2006 ஜனவரி வரை நடந்த 362 டிரான்ஸ்பர்களை எடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வந்த இறுதி அறிக்கையில் 17 டிரான்ஸ்பர்களுக்குச் 'சரி' என்று கையெழுத்துப் போட முடியவில்லை. பல ஏஜெண்டுகள் ஒத்துழைக்கவில்லை, வங்கிக் கணக்கைக் கட்டாயப்படுத்தி வாங்க இவர்களுக்கு அதிகாரமும் இல்லை. விசாரணை என்று பேர் வைத்துவிட்டு அதிகாரம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2016இல் ஒரு லண்டன் நாளிதழின் நிருபர்கள் முதலீட்டாளர்கள் போல வேஷம் போட்டுப் பல பேரிடம் பேசிப் பதிவு செய்தார்கள். இங்கிலாந்து தேசிய அணிக்கு மேனேஜராகி 67 நாளே ஆகியிருந்த சாம் அல்லர்டைஸ் அதனால் பதவி விலகினார். அவர் மேல் குற்றவழக்கு எதுவும் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அதே புலனாய்வில் சிக்கிய பார்ன்ஸ்லி கிளப்பின் உதவிக் கோச் 5,000 பவுண்டு லஞ்சம் வாங்கியதாக 2019 டிசம்பரில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். இரண்டு ஏஜெண்டுகளும் கூடவே தண்டனை பெற்றார்கள். ஐயாயிரம் பவுண்டு! கோடிக்கணக்கில் நடக்கும் வியாபாரத்தில் ஒரு மனிதர் அவ்வளவுக்கு விலைபோனார்.

பெல்ஜியத்தில் 2018 அக்டோபரில் கிளப்புகள், ஏஜெண்டுகள் வீடுகள் என்று போலீஸ் ஒரே நாளில் சோதனை போட்டது. கைதான ஏஜெண்டுகளில் ஒருவரான டேயான் வெல்கோவிச் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தண்டனைக் குறைப்புக்காக அரசுத் தரப்பு சாட்சியானார். துண்டுக்குள்ளே பேசிய இருவரில் ஒருவர் வாய் திறந்தால்தான் இது வெளியே வரும்.

பணம் எந்த வழியில் கோச்சுக்குத் திரும்பி வருகிறது?

ரொக்கமாக உறையில் போட்டுக் கொடுப்பது பழைய வழி. அதை விட்டால், மச்சான் பேரிலோ மனைவி பேரிலோ ஒரு கம்பெனி இருக்கும், ஏஜெண்ட் அதற்கு 'ஆலோசனைக் கட்டணம்' கட்டுவார். ஆட்டக்காரர் தன் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கைக் கழித்துக் கொடுப்பதும் உண்டு.

என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. கோச்சுக்கும் ஏஜெண்டுக்கும் பணமே கைமாறாமல் இருக்கலாம். கோச்சுக்கு அடுத்த கிளப்பில் வேலை பார்த்துக் கொடுப்பவரும், பையனைக் கொண்டுவருபவரும் ஒரே ஏஜெண்டாக இருப்பார். அவர் கொண்டுவரும் பையனை வேண்டாமென்று கோச்சால் சொல்ல முடியுமா? எந்த ரசீதிலும் அகப்படாத கடன் அது.

ஒரே ஏஜெண்ட் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கலாமா?

வீட்டுமனைத் தரகர் வாங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். கால்பந்தில் வரும் தொகைதான் தலையைச் சுற்ற வைக்கும். 2016இல் பால் போக்பா யுவென்டஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் போனபோது விலை 10.5 கோடி யூரோ. ஏஜெண்ட் மீனோ ரயோலாவுக்கு எல்லாப் பக்கமுமாகச் சேர்த்துச் சுமார் 4.9 கோடி யூரோ என்று பிறகு கசிந்த ஆவணங்கள் காட்டின. அதை லஞ்சம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று பக்கமும் கூலி வாங்குபவர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2015இல் ஏஜெண்ட் உரிமத்தையே எடுத்துவிட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் 'இடைத்தரகர்' என்று பதிவு செய்துகொள்ளலாம் என்றானது. என்னைக் கேட்டால் அது பெரிய பிழை. 2023இல் மறுபடி தேர்வு, உரிமம், கமிஷனுக்கு உச்சவரம்பு என்று விதி கொண்டுவந்தார்கள். விற்கும் கிளப்புக்காகப் பேசினால் டிரான்ஸ்பர் தொகையில் 10 சதவீதம், ஆட்டக்காரருக்காகப் பேசினால் அவர் சம்பளத்தைப் பொறுத்து 3 அல்லது 5 சதவீதம். ஏஜெண்டுகள் நீதிமன்றம் போனார்கள். ஜெர்மனியில் தடை வந்தது, 2023 டிசம்பர் கடைசியில் உச்சவரம்பு உட்பட முக்கிய விதிகளை ஃபிஃபா உலகம் முழுக்க நிறுத்திவைத்தது. அந்த ஒரே ஆண்டில் நாடு விட்டு நாடு போன டிரான்ஸ்பர்களுக்காக மட்டும் கிளப்புகள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தது 88 கோடி டாலருக்கும் மேல்.

சென்னை லீக்கோ இந்தியன் சூப்பர் லீக்கோ போகாத எங்கள் பையனுக்கு இதனால் என்ன?

இதற்கு நடந்ததைச் சொல்வதுதான் சரி. எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஓடிய ஒரு பையன். திருத்துறைப்பூண்டி பக்கம் நடந்த மின்னொளிப் போட்டியில் அவன் ஆடியதை வெளியூர் கிளப் கோச் ஒருவர் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் தோளில் தட்டி, "நல்லா ஆடுற தம்பி, ட்ரயல்ஸுக்கு வா" என்றார். பையன் அன்று ராத்திரி தூங்கவே இல்லை. மறுநாள் வேறொருவர் போன் செய்தார். "கோச் சொன்னார், எல்லாம் என் மூலமாகத்தான் வரணும், பதிவுச் செலவு நாற்பதாயிரம்" என்றார்.

பையனின் அப்பா மாட்டுத் தரகர். முப்பது வருடம் சந்தையில் நின்றவர். போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, உனக்கு இதுல யாரு கூலி குடுக்குறா? நாங்களா, அந்த கிளப்பா?" அந்த ஆள் "அதெல்லாம் கோச்சும் நானும் பேசிக்குவோம்ணே" என்றார். அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "மாஸ்டர், துண்டுக்குள்ள கை இருக்கு" என்றார். பணம் கொடுக்கவில்லை. பையன் மட்டும் சொந்தச் செலவில் ட்ரயல்ஸ் போனான், இருபது நிமிடம் ஆடவிட்டு "உடம்பு போதாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த பையன் அதே ஆளின் பட்டியலில் இருந்தவன். அவனும் ஒரு விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைதான், நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ட்ரயல்ஸில் ஆட விடுவதற்கு முறையான கிளப் எதுவும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டச் சொல்லாது. பணம் கேட்ட உடனேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

பையனுக்கு 16 வயது. ஏஜெண்ட் கையெழுத்துக் கேட்கிறார், போடலாமா?

வேண்டாம். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. ஃபிஃபா விதியும், முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயது வருவதற்கு முந்தைய 6 மாதத்திலிருந்துதான் ஏஜெண்ட் அணுகலாம், அதுவும் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு என்கிறது. ஆட்டக்காரருக்கும் ஏஜெண்டுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. "பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுங்க" என்று முத்திரைத் தாளோடு வந்த ஒருவரைக் கும்பகோணத்தில் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்க் கிளப்புக்கு டிரான்ஸ்பர் பணத்தில் பங்கு உண்டா?

உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு டிரான்ஸ்பர் ஆனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயதுவரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25 சதவீதம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.5 சதவீதம். அந்த 12 முதல் 15 வரையான நாலு வருடம் நம்மிடம் ஆடிய பையன் பின்னாளில் ஒரு கோடிக்குப் போனால் நமக்கு ஒரு லட்சம். பந்து, வலை, பஸ் செலவு என்று ஒரு வருடம் ஓட்டிவிடலாம். ஆனால் கிளப்பும் பையனும் முறையாகப் பதிவாகியிருந்தால்தான் இது கிடைக்கும். நம் பக்கத்தில் பாதி அணிகளுக்குப் பதிவே இல்லை. அதை இந்த வருடமே செய்யுங்கள்.

ஊழல் நம்மை நேராகத் தொடுவதும் இங்கேதான். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பில் ஒருவர் ஷட்டரைக் கள்ளத்தனமாக ஏற்றிவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் குறையும், ஏன் குறைந்தது என்று கடைமடைக்காரருக்குத் தெரியவும் தெரியாது. டிரான்ஸ்பர் தொகையைக் குறைத்து எழுதி, மீதியை 'ஏஜெண்ட் கமிஷன்' என்று திருப்பிவிட்டால், நம்முடைய 0.25 சதவீதம் அந்தக் குறைந்த தொகையிலிருந்துதான் வரும்.

கோச் சாருக்குப் பொங்கலுக்கு வேட்டி, பழத்தட்டு வைப்பதும் லஞ்சமா?

தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவருக்கு, தீர்மானத்துக்கு முன்னால் கொடுத்தால் எதுவும் லஞ்சம்தான். செலக்‌ஷன் எல்லாம் முடிந்து, எல்லார் முன்னாலும் ஒரு தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டால் அது மரியாதை. நான் அதையும் வாங்குவதில்லை, வாங்குபவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்குத் தண்டனை உண்டா?

கோச் அரசு ஊழியரா இல்லையா என்பதைப் பொறுத்தது. அரசு விளையாட்டு ஆணையம், ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை வங்கி அணி என்றால் ஊழல் தடுப்புச் சட்டம் பாயும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஏழு நாளை மறக்காதீர்கள்.

தனியார் கிளப் கோச் என்றால் அந்தச் சட்டம் பொதுவாக வராது. நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகளில்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் 2010இல் கொண்டுவந்த லஞ்சச் சட்டம் தனியார் ஊழியரையும் பிடிக்கிறது, பார்ன்ஸ்லி வழக்கு அதனால்தான் நின்றது. நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புகார் கொடுத்தால் பையன் பேர் கெட்டுப்போகாதா? யாரிடம் கொடுப்பது?

பயம் நியாயமானது. கால்பந்து வட்டாரம் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் பையன் பேரில் கொடுக்காமல், பெற்றோர் பேரில் அல்லது கிளப் பேரில் கொடுங்கள். அரசு ஊழியர் என்றால் மாவட்டத்திலேயே லஞ்ச ஒழிப்பு அலுவலகம் இருக்கிறது. மற்றவர்கள் மேல் காவல் நிலையத்திலும், மாநில, அகில இந்தியக் கால்பந்துச் சங்கங்களிலும் எழுத்தில் கொடுக்கலாம். ஃபிஃபாவுக்குப் பேர் சொல்லாமல் இணையத்திலேயே புகார் அனுப்பும் வசதி உண்டு. அதன் நன்னடத்தை விதிப்படி லஞ்சத்துக்குக் குறைந்தது 5 வருடத் தடை. ரொக்கமாகக் கேட்டாலும் போனில் பேசியதை, குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். தேதி, நேரம், இடம், கேட்ட தொகை நாலையும் அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்த மாட்டுத் தரகர் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார், மாடு விற்ற கணக்கு நோட்டிலேயே. அதை வைத்து இருவரும் உட்கார்ந்து ஒரு புகார் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்திருக்கிறது, பதில் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டலும் அனுப்பிவிட்டோம். பையன் இப்போது ஒரு கல்லூரி அணியில் ஆடுகிறான், அதே இடது ஓரத்தில். அந்தப் புகாரின் நகல் என் பயிற்சிப் பையிலேயே இருக்கிறது. எப்படி எழுதுவது என்று பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திடலுக்கு வாருங்கள், பேர்களை மறைத்துவிட்டுக் காட்டுகிறேன்.